குல்லா அப்புறம், முதலில் தேங்காய்ப் பை: பருத்தி நூலில் லூம் நிட்டிங்

முளைகள் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் வளையம்தான் லூம். முளையில் நூலைச் சுற்றினால் விழும் வளையம் கண்ணி, அதைக் கொக்கியால் தூக்கித் தூக்கிப் பின்னுவது லூம் நிட்டிங். அதற்கான வீடியோ எதைத் திறந்தாலும் முதல் பாடம் குல்லாதான். அதுவும் மொத்தமான கம்பளி நூலில். பனி கொட்டுகிற ஊருக்கு அது சரி. காரைக்குடிப் பக்கம் சித்திரை வெயிலில் அக்ரிலிக் உல்லன் நூலைக் கையில் பிடித்தால் உள்ளங்கை வேர்த்து நூல் விரலோடு ஒட்டிக்கொள்ளும். பின்னி முடித்தாலும் போட்டுக்கொள்ள ஆள் கிடையாது. இங்கே பழகுகிறவர்கள் பருத்தி நூலில், ஒரு பையில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் கம்பளிக்குச் சொன்ன பாடத்தை அப்படியே பருத்திக்குப் போட்டால், பத்தாவது சுற்றிலேயே விரல் வலித்து லூம் பரணுக்கு ஏறிவிடும். கம்பளியும் அக்ரிலிக்கும் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். முளையில் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றிவிட்டாலும் கொக்கி போட்டுத் தூக்கும்போது நூலே இடம் கொடுக்கும். பருத்தி அப்படி இடம் கொடுக்காது. இறுக்கிச் சுற்றினால் கண்ணி முளையை விட்டு வராது, முளை வளையும், கொக்கி நழுவி விரலில் குத்தும். ஆரம்பிக்கிறவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான். பருத்தியில் நூலை முளையைச் சுற்றிப் 'படுக்க' வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. சுற்றி முடித்த கண்ணியை விரல் நுனியால் முளையில் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் நகர்ந்தால் சரியான தளர்வு.

லூம், கொக்கி, நூல்

வட்ட லூம் நான்கு சேர்ந்த செட்டாகத்தான் பெரும்பாலும் வரும். 24, 31, 36, 41 முளை. சில செட்டில் 31க்குப் பதில் 30, 41க்குப் பதில் 40 இருக்கும். வீடியோவில் 'பச்சை லூமை எடுங்கள்' என்பார்கள். அதை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். நீங்களே முளையை எண்ணி, லூமின் அடியில் மார்க்கரில் எழுதி வையுங்கள். செட்டோடு ஒரு கொக்கியும், பெரிய கண் உள்ள பிளாஸ்டிக் ஊசியும் வரும். தனியாக ஒரு 4 அல்லது 5 மி.மீ. குரோஷே ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணி நழுவினால் அது இல்லாமல் முடியாது.

பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு முளையையும் விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பில் மிஞ்சிய பிசிறு இருந்தால் பருத்தி இழை அதில் மாட்டி நைந்துவிடும். நகம் தேய்க்கும் அரம் ஒரு முறை ஓட்டினால் போதும். முளை ஆடினால் கழற்றி, அடிப்பாகத்தில் செலோடேப் ஒரு சுற்று சுற்றி அழுத்திப் பொருத்துங்கள். லூமை மொட்டை மாடி வெயிலில் விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும், அப்புறம் நேராகாது.

இந்த செட்டுகளில் முளைக்கு முளை இடைவெளி அதிகம், கிட்டத்தட்ட 2 செ.மீ. அதனால் ஒற்றை நூலில் பின்னினால் மீன்வலை மாதிரி வரும். கடையில் கிடைக்கும் 4 பிளை பருத்தி நிட்டிங் நூலை மூன்று இழையாகச் சேர்த்துப் பிடியுங்கள். உல்லன் நூலாக இருந்தால் இரண்டு இழை. மூன்று உருண்டையையும் ஒரே கூடையில் போட்டால் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தனித்தனித் தூக்குச்சட்டியில் போட்டு வைத்தால் உருண்டு ஓடாது.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முளையைச் சுற்றி அடுத்த முளைக்குப் போக ஏறத்தாழ 5 செ.மீ. நூல் பிடிக்கும். 24 முளை லூமில் ஒரு சுற்றுக்கு 120 செ.மீ. 30 சுற்றுக்கு 36 மீட்டர். மூன்று இழை என்றால் 108 மீட்டர். லேபிளில் 50 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும், அதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். கயிறுக்கும் தையலுக்கும் கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள். சாயத் தொட்டி மாறினால் அதே நிறம் மறுபடி கிடைக்காது.

அரக்கு நிறத்தில் வாங்கினால், முதலில் ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அதை வெளிர் நிறத்தோடு பட்டையாகச் சேர்க்க வேண்டாம். கண்டாங்கிச் சேலையின் அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்டால் பையில் அழகாக உட்காரும், ஆனால் சாயம் இறங்காத நூலில் மட்டும்.

முதல் சுற்று

லூமின் பக்கவாட்டில் ஒரு குட்டி முளை இருக்கும். நூல் நுனியில் சுருக்கு முடிச்சு போட்டு அதில் மாட்டுங்கள். அதற்கு அடுத்ததே முதல் முளை. அதன் தலையில் ஒரு ஒட்டுப் பொட்டு ஒட்டிவிடுங்கள், சுற்று எண்ண வசதி.

நூல் லூமுக்கு உள்பக்கம் இருக்கட்டும். வலப்பக்கமாக நகர்கிறீர்கள் என்றால், முதல் முளையின் வலப்பக்க இடைவெளி வழியாக நூலை வெளியே கொண்டுவந்து, முளையின் வெளிப்புறமாக இடப்பக்கம் திருப்பி, இடப்பக்க இடைவெளி வழியாக உள்ளே விடுங்கள். உள்பக்கம் நூல் தன்னையே குறுக்காகக் கடந்து அடுத்த முளைக்குப் போகும். இதுதான் இ-ராப். உள்ளே அந்தக் குறுக்குக் கோடு தெரியாவிட்டால் எதிர்த் திசையில் சுற்றியிருக்கிறீர்கள். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் திருப்பி இடப்பக்கமாகவே நகரலாம், பாதியில் மட்டும் மாற்றக் கூடாது.

எல்லா முளையும் ஒரு தடவை சுற்றியதும் கண்ணிகளைக் கீழே தள்ளிவிட்டு, மேலே இன்னொரு சுற்று சுற்றுங்கள். இப்போது ஒவ்வொரு முளையிலும் இரண்டு கண்ணி. கொக்கியால் கீழ்க் கண்ணியைப் பிடித்துத் தூக்கி, மேல் கண்ணியையும் முளைத் தலையையும் தாண்டி உள்பக்கம் விடுங்கள். இதைக் கடைசியாகச் சுற்றிய முளையில் முதலில் செய்யுங்கள். அப்போதுதான் நூல் பூட்டிக்கொள்ளும். முதல் முளையில் ஆரம்பித்தால் கடைசி இரண்டு மூன்று சுற்றல் அவிழ்ந்து தொங்கும், இடக்கையால் நூலைப் பிடித்துக்கொண்டே அல்லாட வேண்டியிருக்கும்.

மூன்று இழையில் வரும் தனித் தொல்லை ஒன்று: கொக்கி இரண்டு இழையை மட்டும் தூக்கி ஒன்றை விட்டுவிடும். வெளியே தெரியாது, உள்பக்கம் ஓர் இழை தொங்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் முளைகளை ஒரு நோட்டம் விடுங்கள். ஒரு முளையில் மட்டும் கண்ணி பருமனாகத் தெரிந்தால் அங்கே இழை மிஞ்சியிருக்கிறது. அதையும் தூக்கித் தாண்டி விட்டால் சரியாகிவிடும். நாலு சுற்றுக்கு அப்புறம் கண்டுபிடித்தால் பிரிக்கத்தான் வேண்டும்.

பர்ல் இல்லாமல் ஆகாது

இ-ராப் ஒன்றையே வைத்து ஒரு துண்டு பின்னிப் பாருங்கள். லூமை விட்டு எடுத்ததும் ஓரம் அப்பளப்பூ மாதிரி சுருண்டுகொள்ளும். இது உங்கள் கைப் பிழை இல்லை. இப்படிச் சுற்றித் தாண்டி விட்டு வருவதுதான் நிட் கண்ணி. அதன் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இழுப்பதில்லை, அதனால் ஓரம் ஒரு பக்கமாகவே மடங்கும். இஸ்திரி போட்டாலும் அடுத்த சலவையில் திரும்பவும் சுருளும். தீர்வு பர்ல், அதாவது நிட்டுக்கு நேர் எதிர்ப்பக்கக் கண்ணி.

பர்ல் போட, நூலை முளையில் ஏற்கெனவே இருக்கும் கண்ணிக்குக் கீழே, முளைக்கு வெளிப்பக்கமாக வையுங்கள். கொக்கியைப் பழைய கண்ணிக்குள் மேலிருந்து கீழாக விட்டு, கீழே உள்ள நூலைப் பிடித்து, கண்ணி வழியாக மேலே இழுங்கள். ஒரு புதுக் கண்ணி வரும். பழையதை முளையிலிருந்து கழற்றிவிட்டு, புதியதை மாட்டி, நூலை லேசாக இழுத்து அமர்த்துங்கள். 'லேசாக' என்பதில்தான் விஷயம். இழுத்துக் கட்டினால் அடுத்த சுற்றில் அந்தக் கண்ணிக்குள் கொக்கியே நுழையாது. பர்ல் சுற்று மெதுவாகத்தான் போகும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

இந்த இரண்டையும் வைத்தே மற்றதெல்லாம். ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல் என்று மாற்றினால் கார்ட்டர். சுருளாது, விளிம்புக்கு ஏற்றது. கம்பி ஊசியில் பின்னியவர்கள் தட்டையான துண்டில் எல்லா வரிசையும் நிட் போட்டாலே கார்ட்டர் வரும் என்பார்கள். அங்கே துணியைத் திருப்புகிறோம். லூமில் எப்போதும் ஒரே முகம்தான் நம்மைப் பார்த்திருக்கும், அதனால் தட்டையாகப் பின்னினாலும் வரிசை மாற்றி வரிசை பர்ல் போட்டே ஆக வேண்டும்.

இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று போனால் ரிப். மேல்மேலாக அதே முளையில் அதே கண்ணி வர வேண்டும். இதற்கு முளை எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். 24, 36, 40 சரி. 31லும் 41லும் சுற்று முடியும் இடத்தில் கணக்கு உதைக்கும். பர்ல் வர வேண்டிய முளைத் தலைகளில் வேறு நிறப் பொட்டு ஒட்டிவிட்டால் பேசிக்கொண்டே பின்னலாம்.

31 முளை லூமை என்ன செய்வது என்று பலர் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். சீட் தையலுக்கு அதுதான் ஏற்றது. ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாற்றி மாற்றி வட்டமாகப் போய்க்கொண்டே இருங்கள். ஒற்றைப்படை என்பதால் முதல் சுற்று நிட்டில் முடியும், அடுத்த சுற்றின் முதல் முளைக்குத் தானாகவே பர்ல் வரும். நிட்டுக்கு மேல் பர்ல், பர்லுக்கு மேல் நிட் என்று அரிசி மணி தூவின மாதிரி துணி விழும், சுற்றை எண்ணவே வேண்டாம்.

தேங்காய்ப் பை

24 முளை லூம், மூன்று இழைப் பருத்தி. உரித்த தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பழம் கொள்ளும். விசேஷத்துக்குத் தாம்பூலப் பையாகக் கொடுக்கலாம், பனையோலைக் கொட்டானுக்குள்ளும் வைக்கலாம். ஐம்பது பேருக்குக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் இரண்டு மாதம் முன்னாலேயே உட்காருங்கள்.

நீங்கள் தொடங்கும் முனைதான் பையின் வாய். தளர்வாக முதல் சுற்று போட்டு, பர்ல், நிட், பர்ல் என்று மூன்று சுற்று. அதன் பிறகு இ-ராப் மட்டும், வாயிலிருந்து 18 செ.மீ. வரும்வரை. லூமில் இருக்கும்போது துணியைக் கீழே இழுத்துப் பிடித்து அளக்காதீர்கள், அது பொய்க்கணக்கு. மேசையில் லூமை வைத்து, துணியைத் தன்போக்கில் விட்டு அளங்கள்.

அடிப்பாகத்தை மூட, லூமின் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு நூல் விட்டு வெட்டிப் பெரிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். முதல் முளையில் ஆரம்பித்து, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஊசியைக் கீழிருந்து மேலாக விட்டு, கண்ணியை முளையிலிருந்து எடுத்துவிடுங்கள். 24ம் முடிந்ததும் நூலை இழுத்தால் அடிப்பாகம் குவியும். பருத்தி வழுக்கி ஓடாது, ஒரே இழுப்பில் குவியாது. நாலைந்து கண்ணியாகத் தள்ளித் தள்ளிக் குவியுங்கள். வேகமாக இழுத்தால் நூல் அறுந்து 24 கண்ணியும் கையில் விழும்.

குவித்த பிறகும் நடுவில் விரல் நுழையும் ஓட்டை இருக்கும். குல்லாவில் அது பரவாயில்லை, பையில் பாக்குப் பொட்டலம் அது வழியாக நழுவும். அதே நூலை இன்னொரு முறை எல்லாக் கண்ணியிலும் சுற்றி ஓட்டி இறுக்கி, பையை உள்பக்கம் திருப்பி, எதிரெதிர்ப் பக்கமாகக் குறுக்கே நாலு தையல் போட்டு முடிச்சிடுங்கள். மிச்ச நூலை 10 செ.மீ. தூரம் கண்ணிகளுக்குள் நுழைத்து வெட்டுங்கள். முடிச்சை ஒட்டி வெட்டினால் முதல் சலவையில் அவிழும்.

சுருக்குக் கயிறும் இதே லூமில்தான். மூன்று முளையை மட்டும் எடுத்துக்கொண்டு, 1, 2, 3 என்று சுற்றி, நூலை உள்பக்கமாகவே மறுபடி முதல் முளைக்குக் கொண்டுவந்து, அதே திசையில் 1, 2, 3 சுற்றிக் கீழ்க் கண்ணியைத் தாண்டி விடுங்கள். மூன்றாவது முளையிலிருந்து திரும்பிச் சுற்றக் கூடாது. திரும்பினால் கயிறாகாமல் பட்டையாகிவிடும். ஐந்தாறு வரிசை ஆனதும் கீழே பிடித்து இழுத்தால் உருண்டைக் கயிறாகக் கூடும். 60 செ.மீ. போதும். விளிம்புக்குக் கீழே இரண்டு கண்ணிக்கு ஒரு முறை உள்ளே, வெளியே என்று கோத்து நுனிகளை முடிச்சிடுங்கள்.

நாற்காலிக் கால் உறை

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் தேக்கு நாற்காலியை இழுத்தால் கோடு விழும். சிமெண்ட் கல் என்பதால் அந்தக் கோட்டைத் தேய்த்து எடுக்கவும் முடியாது. நம்மூர் வீடுகளுக்கு லூமில் செய்யக்கூடியதில் உருப்படியான பொருள் இதுதான் என்பேன்.

முதலில் ஒரு மாதிரித் துண்டு. 10 முளையில் 10 வரிசை தட்டையாகப் பின்னி எடுத்து அகலத்தை அளங்கள். 15 செ.மீ. வந்தால் ஒரு கண்ணிக்கு 1.5 செ.மீ. நாற்காலிக் காலைச் சுற்றி நூலைப் பிடித்து அளந்ததில் 18 செ.மீ. என்று வையுங்கள். உறை இறுக்கமாகப் பிடிக்க 2 செ.மீ. கழித்தால் 16. அதை 1.5ஆல் வகுத்தால் பத்தரைக்கு மேல் வரும், 11 முளை. இந்த எண் உங்கள் கைக்கும் உங்கள் நூலுக்கும் மாறும், என் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

11 முளையில் நாலு வரிசை கார்ட்டர், பிறகு 8 செ.மீ. இ-ராப். வரிசை முடிந்ததும் வட்டத்தைப் பூர்த்தி செய்யாமல் வந்த வழியே திரும்புங்கள். திரும்பும் இடத்தில் கடைசி முளை எப்போதும் தளர்ந்தே வரும், அங்கே மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம். முடிவில் பைக்குச் செய்தது போலவே கண்ணிகளைக் கோத்துக் குவித்தால் அடிப்பாகம் வரும். அதே நூலால் பக்கவாட்டைத் தைத்து மேலே ஏறுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பருத்தி உறை போட்ட நாற்காலி வழவழப்பான தரையில் எளிதாக வழுக்கும், அதனால் கைப்பிடியை ஊன்றி எழும் வயதானவர்களின் நாற்காலிக்கு வேண்டாம். உறைக்கு அடியில் மணல் ஒட்டினால் அதுவே தரையைத் தேய்க்கும், வாரம் ஒரு முறை கழற்றி உதறுங்கள்.

கண்ணி நழுவினால்

முளையிலிருந்து கழன்ற கண்ணியை உடனே பார்த்தால் கொக்கியால் எடுத்து மாட்டிவிடலாம். சில வரிசை இறங்கிவிட்டால் ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் தெரியும். குரோஷே ஊசியை அடியில் உள்ள கண்ணிக்குள் வெளிப்பக்கமிருந்து விட்டு, மேலே உள்ள முதல் படியைப் பிடித்து இழுங்கள், அப்புறம் அடுத்த படி. கடைசிக் கண்ணியை முளையில் மாட்டுங்கள். இ-ராப் கண்ணி இயல்பில் ஒரு முறுக்கோடு இருக்கும், இப்படி ஏற்றினால் அந்த ஒரு வரியில் முறுக்கு இருக்காது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். கண் உறுத்தினால் ஒவ்வொரு படியிலும் கண்ணியை ஒரு திருப்பு திருப்பி ஏற்றுங்கள்.

அடுப்படிக்கும் குழந்தைக்கும்

சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்கு அக்ரிலிக் கூடவே கூடாது, சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியிலும் ஒற்றைத் துணி போதாது, கண்ணி இடைவெளி வழியாகச் சூடு இறங்கும். 36 முளையில் குழாயாக 18 செ.மீ. பின்னி, தட்டையாக மடக்கி, உள்ளே பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வைத்து இரண்டு முனையும் தைத்துவிடுங்கள்.

பழைய பனியனை நூலாக்கலாம். உடம்பைச் சுற்றி வருகிற வாக்கில் 2 செ.மீ. அகலத்துக்குச் சுருளாக வெட்டி இழுத்தால், தானே உருண்டு கயிறாகும். ஒற்றை இழையே போதும், கால்மிதிக்கு நல்லது. சேலைத் துணி நெய்த துணி, அப்படிச் சுருளாது. பிசிறு விட்டுக்கொண்டே இருக்கும், முளையிலும் கெட்டியாகும்.

குல்லா செய்தே ஆக வேண்டும் என்றால், கொடைக்கானல் போகிறவர்களுக்கோ மார்கழியில் விடியலில் கோயிலுக்குப் போகும் அப்பத்தாவுக்கோ, 36 முளையில் உல்லன் இரண்டு இழை. எட்டு சுற்று ரிப், மொத்த உயரம் 21 செ.மீ. வரை இ-ராப், பிறகு அதே குவிப்பு. ரிப்பை மடித்துப் போடுவதானால் அந்த அளவுக்கு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிறந்த குழந்தைக்கு 24 முளை, உயரம் 13 செ.மீ. மென்மையான நூலில், ஆனால் பொத்தான், குஞ்சம் எதுவும் வைக்காதீர்கள், பிய்ந்தால் வாய்க்குப் போகும். குல்லாவை உள்பக்கம் திருப்பித் தொங்கும் இழை ஒன்றுகூட இல்லை என்று பாருங்கள், குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும். நம்மூர்ச் சூட்டில் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடச் சொல்லியே கொடுங்கள்.